கும்பிடும் கட்டைவிரலும்



இன்றைய பேச்சு பெரிய தத்துவம் எதையும் பற்றியது அல்ல. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கிற பொம்மைகளைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் சிரிக்கிற, அழுகிற, கும்பிடுகிற, கட்டைவிரலைத் தூக்குகிற அந்தச் சின்னஞ்சிறு படங்களைப் பற்றியது. உலகம் அவற்றை எமோஜி என்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பொம்மை என்றே சொல்லிவிடுகிறார்கள். "பேரன் என்னமோ பொம்மை போட்டு அனுப்பியிருக்கான், என்னன்னு பாரு கண்ணு" என்று அப்புச்சி போனை நீட்டாத வீடு இந்தப் பக்கம் குறைவு.

அப்புச்சி கேட்பது சரியான கேள்வி. என்னன்னு பாரு! அந்தப் பொம்மைக்குப் பொருள் எங்கே இருக்கிறது? படத்திலா? அனுப்பியவர் மனதிலா? வாங்கிப் பார்த்தவர் கண்ணிலா? ஒரே பொம்மை காலையில் ஒரு பொருளும் மாலையில் ஒரு பொருளும், அண்ணனிடம் ஒரு பொருளும் அதிகாரியிடம் ஒரு பொருளும் தருகிறதே, அது எப்படி? அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் கிளறிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கட்டைவிரல்.

பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவும் ஊடையும் கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளர் காலையில் ஒரு தகவல் போடுகிறார்: "பாவு நாளைக்கு வருது. கூலி பழைய கணக்குத்தான்." தறிக்காரர் தறிச் சத்தத்துக்கு நடுவில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தட்டிவிட்டு, மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அவர் சொன்னது என்ன? "பார்த்துட்டேனுங்க" என்றா? "பாவு வரட்டும், இறக்கி வெச்சுக்கறேன்" என்றா? "பழைய கூலிக்கே ஓட்டித் தர்றேன்" என்றா? மூன்றும் வேறு வேறு. மூன்றாவதற்குக் காசு உண்டு. கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராடிப் பழகிய ஊரில் இது சின்ன விஷயமா?

சிரிக்காதீர்கள். கனடாவில் இந்த ஒரு விரலுக்காக ஒரு விவசாயி 82,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது.

சஸ்காட்செவன் மாகாணத்தில் நடந்தது. 2021 மார்ச் மாதம், தானியம் வாங்கி விற்கும் சவுத் வெஸ்ட் டெர்மினல் என்ற நிறுவனம், ஆளி விதை வேண்டும் என்று விவசாயிகளுக்குத் தகவல் அனுப்பியது. நிறுவனத்தின் கொள்முதல்காரர் ஒரு விவசாயியோடு போனில் பேசினார். பிறகு 86 டன் விதை, புஷலுக்கு 17 டாலர், நவம்பரில் சரக்கு என்று எழுதிய ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டார். விவசாயி கட்டைவிரலைப் போட்டார். நவம்பர் வந்தது, விதை வரவில்லை. அதற்குள் சந்தையில் விலை எகிறிவிட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. "காகிதம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் விரலைக் காட்டினேன், அது கையெழுத்து அல்ல" என்பது விவசாயியின் வாதம். 2023-ல் நீதிபதி கீன் அதை ஏற்கவில்லை. விரல் கையெழுத்துத்தான், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இப்போது அங்கிருந்து நேராக மதுரைக்கு வாருங்கள். அதே விரல். அதே மஞ்சள் விரல்.

2018-ல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படையின் உதவி கமாண்டன்ட் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அந்தச் செய்தி படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு காவலர் அதற்குக் கட்டைவிரலைப் போட்டுவிட்டார். ஓர் அதிகாரி கொல்லப்பட்ட செய்திக்குக் கட்டைவிரலா? கொலையைக் கொண்டாடுகிறார் என்று சொல்லி, விசாரணை நடத்தி, வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். தனக்கு வாட்ஸ்அப் அவ்வளவாகப் பழக்கமில்லை, தெரியாமல் போட்டுவிட்டேன் என்றார் அவர். தனி நீதிபதி அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் டி. கிருஷ்ணகுமார், ஆர். விஜயகுமார் அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கட்டைவிரலை 'ஓகே' என்ற சொல்லுக்கு மாற்றாகவும் எடுத்துக்கொள்ளலாம், செய்தியைப் பார்த்துவிட்டேன் என்ற அறிவிப்பு அது, கொலையைக் கொண்டாடியதாக ஆகாது என்றார்கள்.

பார்த்தீர்களா? கனடாவில் ஒருவர் "வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன்" என்றார், நீதிமன்றம் நம்பவில்லை. மதுரையில் ஒருவரின் விரலை நீதிமன்றமே "பார்த்துவிட்டேன் என்பதுதான்" என்று படித்தது. எந்தத் தீர்ப்பு சரி?

இரண்டுமே சரி. ஏனென்றால் இரண்டு இடத்திலும் நீதிபதிகள் படத்தோடு நின்றுவிடவில்லை, அதைச் சுற்றி இருந்ததைப் பார்த்தார்கள். கனடா விவசாயி முன்பும் அதே நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுத்தவர். அப்போதெல்லாம் ஒப்பந்தம் வந்ததும் 'ஓகே' என்பது போல ஒற்றைச் சொல்லில் பதில் போடுவார், போட்டபடி விதையும் வந்து இறங்கும். இருவருக்கும் நடுவில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. அந்த வழக்கத்துக்குள் விழுந்த விரல் கையெழுத்தாகிவிட்டது. காவலர் விஷயத்தில் வந்தது செய்தி, கோரிக்கை அல்ல. குழுவில் வருகிற எதற்கும் விரலைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. பொருள் விரலில் இல்லை, யாருக்கு யார், எதற்குப் பதிலாக நீட்டினார் என்பதில் இருக்கிறது. நம் பல்லடத்துக்காரரின் விரலுக்கு என்ன பொருள் என்று கேட்டால், போன தடவை அவர் விரல் போட்டபோது என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதுதான் ஒழுங்கான விசாரணை.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டைவிரல் என்றால் பாராட்டு, ஒப்புதல், உற்சாகம். இருபது வயதுத் தம்பிக்கு? நான்கு வரி பாசமாக எழுதி அனுப்பிய பிறகு அப்பாவிடமிருந்து வெறும் விரல் வந்தால், "சரி சரி, போய்யா" என்று சொன்னதாகப் படுகிறது அவனுக்கு. அலுவலகத்தில் மேலாளர் விரலைப் போட்டால் கோபமாக இருக்கிறாரோ என்று புதிதாய்ச் சேர்ந்த பெண் அன்றைக்கெல்லாம் யோசிக்கிறாள். மேலாளரோ அவளைப் பாராட்டிவிட்ட நிறைவோடு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்!

அடுத்தது கும்பிடு. இங்கேதான் கொங்கு நாட்டுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது.

நம் பேச்சில் 'ங்க' இல்லாத வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏனுங்க, ஆமாங்க, இல்லீங்க, அப்படீங்களா, போலாமுங்களா. காய்கறிக்காரரிடமும் 'ங்க', கலெக்டரிடமும் 'ங்க'. பெற்ற பிள்ளையையே "வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு" என்று கூப்பிடுகிற ஊர் இது. வெளியூர்க்காரர்கள் கோவைக்கு வந்தால் முதலில் மயங்குவது இந்த மரியாதையில்தான்.

அந்த 'ங்க' வாயில் வரும்போது இயல்பாக வருகிறது. போனில் எழுதும்போது? அவசரத்தில் 'சரி' என்று இரண்டெழுத்து போட்டுவிட்டால் அது இந்த ஊர்க் காதுக்கு எப்படிக் கேட்கிறது? முறைத்துக்கொண்டு சொன்ன மாதிரி கேட்கிறது. பெரியப்பா அனுப்பிய தகவலுக்கு வெறும் 'சரி' என்று பதில் போட்டால் அடுத்த விசேஷத்தில் அந்தப் பேச்சு வரும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்கு 'ங்க' போடுவது இன்னும் சங்கடம். அப்போது கை தானாகப் போய்த் தேடுவது எதை? கும்பிடுகிற இரண்டு கையை. 'சரி' போட்டு ஒரு கும்பிடு. 'வர்றேன்' போட்டு ஒரு கும்பிடு. 'பணம் அனுப்பிச்சுட்டேன்' போட்டு ஒரு கும்பிடு. எழுத்தில் விட்டுப்போன 'ங்க'வை அந்தக் கைகள் ஈடுகட்டுகின்றன. தறிக் குழுவிலும் தென்னந்தோப்புக் குழுவிலும் அடுக்குமாடிக் குடியிருப்போர் குழுவிலும் அவ்வளவு கும்பிடு விழுவதற்குப் பக்தி காரணம் அல்ல. இலக்கணம் காரணம்.

2022 மே மாதம் வாட்ஸ்அப், தகவலை அழுத்திப் பிடித்தால் பதில் காட்டும் வசதியைக் கொண்டுவந்தபோது தொடக்கத்தில் ஆறே ஆறு பொம்மைகளைத்தான் கொடுத்தது. கட்டைவிரல், இதயம், கண்ணீர் வரச் சிரிக்கும் முகம், வாய் பிளந்த முகம், ஒரு துளி கண்ணீர் முகம், ஆறாவதாகக் கும்பிடு. உலகத்துக்கே ஆறு என்று பொறுக்கும்போது அதில் கும்பிடு ஏறிவிட்டது என்றால், அதைத் தட்டுகிற கைகள் எத்தனை கோடி இருக்கும்!

அமெரிக்காவில் இதே படத்தை, இரண்டு பேர் கையோடு கை அடித்துக்கொள்கிற கொண்டாட்டம் என்று பலர் எடுத்துக்கொண்டு, பல காலம் விவாதம் நடந்தது. ஆப்பிள் முதலில் வரைந்த படத்தில் கைகளுக்குப் பின்னால் மஞ்சள் கதிர்கள் வேறு இருந்தன. கோவையில் யாருக்காவது இந்தச் சந்தேகம் வந்ததா? வராது. நமக்கு வருகிற சந்தேகம் வேறு. இந்தக் கும்பிடு எந்தக் கும்பிடு? வணக்கமா? நன்றியா? "தயவு பண்ணுங்க" என்ற கெஞ்சலா? மன்னிப்பா? இறந்தவருக்கு அஞ்சலியா? அல்லது "உங்க சகவாசத்துக்கே ஒரு பெரிய கும்பிடுங்க, ஆளை விடுங்க சாமி" என்ற கும்பிடா? கடைசிக் கும்பிடுதான் ஆபத்து. குடும்பக் குழுவில் சொத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா ஒரு கும்பிடைப் போட்டுவிட்டு மௌனமானால் அது வணக்கம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் தெரிகிறது.

கும்பிடு ஒரே நாளில் நகைச்சுவையாக மாறிய கதையும் நம்முடையதுதான். 2019 மே மாதக் கடைசி. முகநூலில் பொறியியல் சார்ந்த பக்கம் ஒன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் 'சுத்தியல்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஜமீன் மாளிகையில் வேலை பார்த்தபோது இது விழுந்துதான் பெயின்டிங் கான்டிராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று சேர்த்துவிட்டார். 2001-ல் வந்த 'ஃபிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. விவரம் தெரியாத யாரோ நேசமணி இப்போது எப்படி இருக்கிறார் என்று அக்கறையாகக் கேட்க, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்வோம் என்று தமிழர்கள் கிளம்ப, அது ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு நாள் கூப்பிய கைக்கு என்ன பொருள்? தமிழனுக்குச் சிரிப்பு. தமிழ் தெரியாதவருக்கு யாரோ ஒரு நேசமணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

சிரிப்புக்கு வருவோம்.

கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் முகத்தை 2015-ல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள். சொல்லே இல்லாத ஒன்று ஆண்டின் சொல்! ஆனால் நம் வீடுகளில் அந்த முகம் செய்த வேலை வேறு. கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் அதில் பார்த்தது சிரிப்பை அல்ல, கண்ணீரை. சாவுச் செய்திக்குக் கீழே அந்த முகம் வரிசையாக மூன்று விழுந்து, பிள்ளைகள் பதறியடித்து அழிக்க ஓடிய கதை பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது. அந்தப் பாட்டியைக் கேலி செய்வதில் நியாயம் இல்லை. கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டுகிற முகத்தை வரைந்துவிட்டு, இது சிரிப்பு என்று சொன்னால் தப்பு வரைந்தவர் மேல்தானே?

இந்த முகமும் மதுரைக் கிளைக்குப் போய் வந்திருக்கிறது. தூத்துக்குடி பிஎஸ்என்எல் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில், வாடிக்கையாளர்கள் சேவையைக் குறை சொல்லும் காணொளி ஒன்றைப் பெண் அதிகாரி ஒருவர் பகிர்ந்தார். சிலர் அதற்கு அழுதுகொண்டே சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டார்கள். தன்னை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று அவர் புகார் கொடுக்க, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வழக்குப் பதிவானது. 2018-ல் நீதிபதி எஸ்.எஸ். சுந்தர் அந்த முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தார். ஒன்றைப் பற்றித் தன் உணர்வைக் காட்டவே எமோஜி போடப்படுகிறது, அதை இன்னொருவர் மேல் செய்த செயலாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பெண் அதிகாரியின் இடத்தில் இருந்து ஒரு நிமிடம் யோசிக்கலாம். அவர்கள் சிரித்தது காணொளியைப் பார்த்தா, அதை அனுப்பியவரைப் பார்த்தா? நேரில் சிரித்திருந்தால் கண் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்கும். பொம்மைக்குக் கண் உண்டு, பார்வை கிடையாது.

இதற்குள் இளைஞர்கள் அந்த முகத்தையே கைவிட்டுவிட்டார்கள். அது 'அங்கிள்' சிரிப்பாம். 2021 வாக்கில் இந்த மாற்றத்தை உலகப் பத்திரிகைகளே எழுதின. இப்போது சிரிப்புக்கு மண்டையோடு போடுகிறார்கள். ஓவென்று அழுகிற முகத்தையும் போடுகிறார்கள். தமிழனுக்கு இதில் ஆச்சரியம் எதற்கு? "சிரிச்சுச் சிரிச்சே செத்தேன்" என்று நாம் எத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம்! மண்டையோடு அந்தப் பேச்சின் படம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் மகனிடமிருந்து மண்டையோடு வந்தால் அம்மா என்ன நினைப்பார்? "நல்ல நாளும் அதுவுமா என்ன கண்ணு இது?" என்று போனே வந்துவிடும்.

இந்தப் பொம்மைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக 1999-ல் ஷிகெடாகா குரிடா 176 படங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள். அந்த 176-ஐயும் 2016-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2010-ல் யூனிகோட் நூற்றுக்கணக்கான எமோஜிகளைத் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்த பிறகுதான் எல்லாக் கம்பெனிப் போன்களும் ஒருவருக்கொருவர் பொம்மை அனுப்ப முடிந்தது. இன்றைக்கு அந்தப் பட்டியல் 3,700-ஐத் தாண்டிவிட்டது.

ஜப்பானில் பிறந்ததால் பல முகங்களுக்கு ஜப்பானியச் சித்திரக்கதை வழக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மூக்கின் பக்கம் ஒரு துளி தொங்குகிற முகத்தை நாம் அழுகை என்று போடுகிறோம். அங்கே அது தூக்கம். தூங்குகிறவர் மூக்கில் குமிழ் விடுவதாக வரைவது அவர்கள் பழக்கம். மூக்கு வழியே புகை விடுகிற முகத்தை நாம் கோபம் என்கிறோம். யூனிகோட் பட்டியலில் அதன் பெயர் வெற்றிப் பெருமிதம். பட்டியல் ஒன்று சொல்கிறது, ஊர் வேறொன்று சொல்கிறது. யார் ஜெயிப்பது? ஊர்தான். பட்டியலைப் படித்துவிட்டு யாரும் பொம்மை அனுப்புவதில்லை.

படத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, பொருள் பிடிக்கிற பழக்கம் நமக்குப் புதிதா? 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்துவிட்டன. அன்றிலிருந்து நாம் படம் படித்துத்தான் வாக்களித்து வருகிறோம். இரண்டு விரலை விரித்துக் காட்டினால் உலகத்துக்கு அது வெற்றி, சமாதானம். கொங்கு மண்டலத்தில்? இரட்டை இலை! 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி அள்ளிய ஊரில், தேர்தல் நேரத்தில் குழுவில் இரண்டு விரல் விழுந்தால் யாரும் அதைச் சமாதானம் என்று படிக்க மாட்டார்கள். கமல்ஹாசன் கோவை தெற்கில் நின்று 1,728 வாக்கில் தோற்ற அதே தேர்தலில் அவர் கட்சிச் சின்னமான டார்ச் லைட் பொம்மைக்கு ஒரு மவுசு வந்தது. தாமரைப் பொம்மை யூனிகோடில் சேர்ந்தது 2021 செப்டம்பரில்தான். அதுவரை பாஜககாரர்கள் ஏதோ ஒரு பூவைப் போட்டுத்தான் காலம் தள்ளினார்கள்.

எல்லாவற்றையும்விட ரசமானது சூரியன். 'அரசியல் பேசக் கூடாது' என்று அட்மின் சட்டம் போட்ட குழுக்கள் உண்டு. அங்கே ஒருவர் தினமும் காலை வணக்கத்தோடு உதிக்கிற சூரியனைப் போடுவார். வருடம் முழுக்க அது காலை வணக்கம். தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து அது என்ன? அட்மின் பாவம், சூரியனைத் தடை செய்ய முடியுமா? எதிர்க்கட்சிக்காரர் பதிலுக்கு இரண்டு விரலைக் காட்டி 'காலை வணக்கமுங்க' என்பார். சேலத்துக்காரர் ஒரு மாம்பழத்தை வைப்பார். சீசன் பழமா, பாமகவா? அவரிடம் கேட்டால் சீசன் பழம் என்றுதான் சொல்வார்.

பொள்ளாச்சித் தேங்காய்க்கு என்ன ஆயிற்று தெரியுமா? தோப்புக்காரர்கள் குழுவில் தேங்காய்ப் பொம்மை வந்தால் காய் விலை வருகிறது, கொப்பரை ஏலத் தகவல் வருகிறது என்று பொருள். 2024 ஜூலையில் பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகியதும் அமெரிக்கா முழுக்கத் தேங்காயும் மரமுமாகக் குவிந்தன. காய் விலையா ஏறிவிட்டது? இல்லை, கமலா ஹாரிஸுக்கு ஆதரவு! தென்னை மரத்திலிருந்து இப்போதுதான் விழுந்தவர்களா நீங்கள் என்று தன் அம்மா கேட்பார் என 2023-ல் அவர் ஒரு பேச்சில் சொல்லியிருந்தார். முதலில் அதை வெட்டி ஒட்டிக் கேலி செய்தார்கள். பிறகு அந்தக் கேலியையே ஆதரவாளர்கள் எடுத்துக் கொடியாக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா சியாமளா தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பெண். அவர்கள் பூர்வீகம் துளசேந்திரபுரம். ஒரு தமிழ் அம்மா பிள்ளைகளை அதட்டிய பேச்சு, வெள்ளை மாளிகை வரைக்கும் போய், பொம்மையாகிவிட்டது.

அதே 2024-ல் ஆடும் பெரிய பாடு பட்டது. கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர் போனில் ஆடு என்றால் ஆடுதான், எடை எவ்வளவு, விலை எவ்வளவு. விளையாட்டு ரசிகர்களுக்கு ஆடு என்றால் எக்காலத்திலும் தலைசிறந்தவர். ஆங்கிலத்தில் அந்தப் பட்டத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆட்டின் பெயர் வருகிறது. அந்தப் பெயரிலேயே விஜய் படம் 2024 செப்டம்பர் 5 அன்று வெளிவந்தது. ஆனால் அந்த வருடம் கோவை மக்களவைத் தொகுதியில் பாஜகவின் அண்ணாமலை போட்டியிட்டார். அவருடைய அரசியல் எதிரிகள் கேலிக்குப் பிடித்துக்கொண்ட மிருகமும் ஆடுதான். ஆக, 2024-ல் கோவைக்காரர் ஒருவர் வெறும் ஆட்டை மட்டும் அனுப்பினால், அவர் விஜய் ரசிகரா, திமுககாரரா, இல்லை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஏற்பாடு செய்கிறாரா? அனுப்பியவர் யார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. தெரிந்தால் ஒரு நொடிகூட ஆகாது.

இனி குசும்புக்கு வரலாமுங்களா?

கோவைக் குசும்பு என்று நாட்டுக்கே தெரியும். கவுண்டமணியும் மணிவண்ணனும் சத்யராஜும் திரையில் கொண்டுபோய்ச் சேர்த்த சரக்கு. அதன் ரகசியம் என்ன? முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பத்து மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றரைக்கு வருகிறவரைப் பார்த்து, "வாங்க, வாங்க, நேரத்துலயே வந்துட்டீங்க போங்க" என்று மிக மரியாதையாகச் சொல்ல வேண்டும். 'ங்க' கூடக் கூட அடி பலமாகும். சொல்கிறவர் சிரித்துவிட்டால் குசும்பு கெட்டுவிடும்.

இந்தக் குசும்பை எழுத்தில் எப்படிச் சொல்வது? அப்படியே எழுதினால் வாங்குகிறவர் நிஜப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். சிரிக்கும் முகம் போட்டால் விஷயம் பிடிபட்டுவிடும், ருசி போய்விடும். அப்போதுதான் லேசாக உதடு மட்டும் வளைந்த, கண்ணில் சிரிப்பே இல்லாத அந்த முகம் கைகொடுக்கிறது. பெரியவர்கள் அதைச் சாதாரணப் புன்னகை என்று போடுகிறார்கள். இளைஞர்கள் அதை அடக்கிய எரிச்சல் என்று படிக்கிறார்கள். சீனாவிலும் இளைஞர்களிடையே இப்படியேதான் ஆகியிருக்கிறது. கோவைக்காரர் அதைக் குசும்புக்கு வைத்துக்கொண்டார். மூன்று பேர் கையில் மூன்று முகம். தலைமை ஆசிரியர் ஆசிரியர்கள் குழுவில், "நாளைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்துடுங்க" என்று எழுதி அந்த முகத்தை வைக்கிறார். அவர் நினைத்தது இன்முகம். மூத்த ஆசிரியர் படித்தது இன்முகம். போன வாரம் தாமதமாக வந்த இளம் ஆசிரியை படித்தது மிரட்டல்.

2018 கடைசியில் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வசதியைத் திறந்துவிட்டதும் தமிழர்கள் கவுண்டமணியையும் வடிவேலுவையும் வெட்டி வைத்துக்கொண்டு மஞ்சள் முகங்களைப் பாதிக்கு ஓரங்கட்டிவிட்டார்கள். நல்ல வேலை. மஞ்சள் முகத்துக்கு ஊர் கிடையாது. கவுண்டமணி ஒரு பக்கம் தலையைச் சாய்த்து முறைக்கிற படத்துக்கு ஊரும் உண்டு, குரலும் உண்டு. பார்த்தவர் காதில் அந்தக் குரல் கேட்டுவிடும். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்காத மருமகளுக்கு? புனேயிலிருந்து வந்தவள் என்றால் யாரோ ஒருவர் தன்னை முறைப்பதாகத்தான் நினைப்பாள்.

முடிக்கும் முன் ஒன்று. இவ்வளவு நேரம் படம் மாறவில்லை, பொருள் மாறுகிறது என்றே பேசினோம். படமே மாறினால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2016-ல் ஆப்பிள் நிறுவனம் துப்பாக்கிப் பொம்மையை எடுத்துவிட்டுப் பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கியை வைத்தது. 2018-க்குள் மற்றப் பெரிய நிறுவனங்களும் மாறின. 2024-ல் எக்ஸ் தளம் மறுபடி நிஜத் துப்பாக்கிக்கே திரும்பியது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த ஊசியை 2021-ல் தடுப்பூசி நேரம் பார்த்து ஆப்பிள் துடைத்துச் சுத்தமாக்கியது. ரத்தத்துக்கு 2019-லேயே தனியாக ஒரு துளி வந்துவிட்டது, ரத்த தானக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. இதில் வேடிக்கை என்ன? 2015-ல் ஒருவர் கோபத்தில் அனுப்பிய நிஜத் துப்பாக்கியை இன்றைக்குப் புதுப் போனில் திறந்து பார்த்தால் குழந்தை விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கியாக இருக்கும். மிரட்டினார் என்று புகார் கொடுத்தவர் அதைக் காகிதத்தில் அச்செடுத்து நீட்டினால் நீதிபதி எதைப் பார்ப்பார்? இங்கே வழக்கறிஞர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தப் போனில், எந்த வருடம், எந்தப் படமாகத் தெரிந்தது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்சிக்காரரின் பணம் மிஞ்சும்.

இனி உங்கள் முறை. கேள்வி இருப்பவர்கள் எழுந்து நின்று, வாயைத் திறந்து கேட்கலாமுங்க. உட்கார்ந்த இடத்திலிருந்து போனில் கட்டைவிரல் அனுப்பினால், பாராட்டா, "போதும், இறங்குங்க" என்கிறீர்களா என்று மேடைக்குத் தெரியாது.